வெள்ளரிக் கொல்லையில் அறுப்பு மிஷின்

மாசி வெயில் ஏறுமுன்பே வெள்ளரிப் பூ விரிந்துவிடும். சின்னஞ்சிறு மஞ்சள். தேனீ உட்கார்ந்தால் பூ மறைந்துபோகும். அந்தப் பூக்களை நம்பி மன்னார்குடியில் நாங்கள் சில குடும்பங்கள் பருவத் தொடக்கத்திலேயே பணம் கொடுத்திருந்தோம். விளைவதில் வாரம் ஒரு பை எங்களுக்கு. விளையாவிட்டால் அந்த நஷ்டத்திலும் பங்கு. பேச்சு அப்படித்தான். எல்லோரும் தலையாட்டினோம், மருந்துக்கடைக்காரர் எல்லோரையும்விட வேகமாக ஆட்டினார்.

பயிர் வைத்தவள் என்னைவிட இளையவள். புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலை. சம்பா நடவுக்கு ஆள் கிடைக்காத வருஷம் அது. "நெல்லே வேணாங்க்கா, காய் போடுறேன். வாங்கிக்க ஆளு மட்டும் புடிச்சிக் குடுங்க" என்றாள். பிடித்துக் கொடுத்தது நான். மழை ஓய்ந்து தை பிறந்ததும் விதைத்தாள். முதல் பைகளில் கீரை மட்டும் போனது. வெள்ளரியும் வெண்டையும் பூவெடுத்த பிறகுதான் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

அவள் வயலுக்கு அடுத்து, உள்ளே தள்ளி, அவள் சித்தப்பாவின் தாளடி நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது. அவருக்கு ஒரு மகன் திருப்பூரில், இன்னொருவன் துபாயில். அரிவாள் எடுக்க ஆளில்லை. மிஷினை விட்டால் வழியில்லை. மிஷின் உள்ளே போக வாய்க்கால் ஓரமாக ஒரு வண்டிப்பாதை இருந்தது, ஊருக்கே பொதுவானது. பக்கத்து நிலத்தை வாங்கி மனை போட்ட ஒருவன் அந்தப் பாதையையும் சேர்த்துக் கல் ஊன்றி முள்கம்பி இழுத்துவிட்டான். மனை வாங்கியவர்கள் எந்தெந்த நாட்டிலோ. விற்றவன் எங்கே இருக்கிறான் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஊர் கூடிப் பேசியது. பேசிவிட்டுச் சாப்பிடப் போனது.

களை பறிக்க நான் போயிருந்த ஒரு காலையில் மிஷின் வந்து ரோட்டில் நின்றது. நாகப்பட்டினம் பக்கத்து வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மிஷின் புரோக்கர் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை.

"சட்டுன்னு சொல்லுங்க. அடுத்த ஊர்ல ஆளு காத்துக்கிட்டு நிக்கிது. இந்தக் கொல்ல வழியா விட்டாத்தான் உண்டு."

சித்தப்பா துண்டை உதறி உதறித் தோளில் போட்டார். "நான் எப்புடிம்மா கேக்குறது? எனக்கு வாயே வரல."

"மழ வந்தா கதிர்லயே மொளச்சிருமே சித்தப்பா" என்றாள் அவள்.

"கல்லப் புடுங்குங்க! பாதை அங்கதான இருக்கு?" என்று கத்தினேன்.

"கேஸு போட்டுருவான்மா."

"வெள்ளரிக்கு யாரு சித்தப்பா கேஸு போடுறது?" என்று கேட்டுவிட்டு அவளே கடப்பாறையை எடுத்தாள். நானும் போனேன். கல்லைச் சுற்றி சிமெண்டைக் கொட்டி இறுக்கியிருந்தான். கடப்பாறை பட்ட இடமெல்லாம் பொறி பறந்ததே தவிர, ஒரு கல்லும் அசையவில்லை. அடுத்தவன் வழியை அடைக்க எவ்வளவு நல்ல சிமெண்ட்! எங்கள் தெருச் சாக்கடைக்கு இதில் ஒரு மூட்டை கிடைத்ததில்லை. டிரைவர் வந்து எட்டிப் பார்த்தார். "கல்லு மேல ஏத்துனா சக்கரத்துச் செயின் அந்துரும்க்கா. மொதலாளி என்னத் தொலச்சிருவாரு."

அவள் கடப்பாறையைக் கீழே போட்டாள். மிஷினுக்கு முன்னால் நடந்தாள். கையால் கொடிகளை இருபுறமும் ஒதுக்கிக்கொண்டே, "இந்தக் கோட்டுலயே வாங்கண்ணே, அந்தாண்ட ஒடிச்சிராதீங்க" என்று பின்பக்கமாகவே நடந்தாள். பிஞ்சு நசுங்கும் சத்தம் மிஷின் சத்தத்தில் கேட்காது. வாசனை வந்தது. வெள்ளரிக்காயை ஒடித்ததும் வருமே, அந்தக் குளிர்ந்த பச்சை வாசனை, கொல்லை முழுக்க.

போன மிஷின் திரும்பி வர வேண்டும் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. தண்ணீர் பாய்ச்சிய மண். போன தடம் உள்வாங்கிக் கிடந்தது. புதைந்துவிடும் என்று டிரைவர் வண்டியை ஒதுக்கி, வெண்டைப் பாத்தி மேலேயே விட்டார். அவரை என்ன சொல்வது? நெல் கரை சேர்ந்துவிட்டது. சித்தப்பா என் பக்கம் திரும்பவில்லை. கறுத்த வானம் ஒரு சொட்டுகூடப் பெய்யாமல் அப்படியே கலைந்து போனது. அதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம்.

அந்தச் சனிக்கிழமை பையில் முளைக்கீரையும் கொஞ்சம் கொத்தவரையும்தான். மருந்துக்கடைக்காரர் பையைத் திறந்து பார்த்தார்.

"என்னங்க டீச்சர் இது? நல்லெண்ணத்துல காசு குடுத்தோம். அந்தப் பெரியவர்ட்ட நஷ்டஈடு வாங்குங்க. நாங்க ஏன் கொறச்சலா வாங்கணும்?"

"நஷ்டத்துலயும் பங்குன்னு நீங்கதான தலையாட்டுனீங்க?"

"மழ, பூச்சி, அதெல்லாம் சரி. இது ஆளு பண்ணது இல்ல?"

"ஆளுதான். அந்த ஆளோட கம்பி அங்க நிக்கிது. வாங்க, கூடச் சேந்து புடுங்குவோம்."

"அதெல்லாம் நமக்கெதுக்குங்க" என்றவர், அடுத்த மாதத்திலிருந்து பை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர். ஒரு வாரத்து வெள்ளரிக்காய்க்காக! கோபம் பொறுக்காமல் அன்று நான் தெருவிலேயே சத்தம் போட்டேன். காலையில் நடக்கப் போனவர்கள் நின்று கேட்டுவிட்டு நடந்தார்கள்.

பங்குனியில் அவள் மறுபடி விதைக்கத் தயாரானாள். மிச்சமிருந்தவர்களுக்காக, சின்ன அளவில். பாத்தி பிடிக்கும் முன் வயலின் ஓரத்தில் கயிறு இழுத்தாள், மிஷின் அகலத்துக்கு. அந்தப் பட்டையில் ஒன்றும் விதைக்கப் போவதில்லை என்றாள். பொதுப்பாதையை ஒருவன் விழுங்குவான், அதற்கு ஈடாக இவள் தன் மண்ணைத் தருவாளா? "ஒரு அடி விடாத. விட்டியோ, நாளைக்கு இதையே பாதைன்னு எழுதிப்புடுவாங்க. அவன் கல்லு அப்புறம் சென்மத்துக்கும் நகராது" என்றேன்.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

"அப்ப அடுத்த வருஷம் சித்தப்பா நெல்லு பறந்தா வரும்? சொல்லுங்க."

கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க அங்கே வேறு ஆள் இல்லை. நான்தான் பிடித்தேன். அந்தக் கல்லைப் பார்த்துத் திட்டிக்கொண்டே, கயிறு தொய்யாமல் பிடித்தேன்.