கோல்ஃப் மட்டையும் வீச்சுவலையும்

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி மதாம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்கிறார். நான் புறா விரட்டுகிறேனாம். பாரீசுக்குப் பக்கத்து ஊர் இது, நாங்கள் இருப்பது நாலாம் மாடி. போன மார்ச்சில் ஒருநாள் பால்கனிப் பூந்தொட்டிமேல் செல்போனைச் சாய்த்துவைத்துவிட்டு, மாப் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன். மதாம் கீழே ஜன்னலில் தலையை நீட்டி, "முசியே, புறாவா விரட்டுறீங்க?" என்று பிரெஞ்சில் கேட்டார். ஆன்லைனில் கோல்ஃப் கற்கிறேன் என்று சொல்ல என் பிரெஞ்சு போதும். அடுத்து ஏன் என்று கேட்பாரே, அதற்குப் போதாது. "வுய்", ஆமாம், என்று சொல்லித் தப்பித்தேன். அன்றிலிருந்து இந்தத் தெருவில் நான் புறா விரட்டும் முசியே.

ஏன் என்றால் என் மகள் நிலா. பதினோரு வயது. இங்கே புதன்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஊராட்சியே விளையாட்டு சொல்லித் தருகிறது, இவள் போய் கோல்ஃபைப் பிடித்துக்கொண்டாள். ஜூன் மாதம் பிள்ளையும் பெற்றோரும் ஜோடியாக ஆடும் நாள். என் மனைவி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பெண், இங்கேயே பிறந்தவள். வீட்டில் பிரெஞ்சுதான் ஓடும். நிலாவுக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் தமிழ் 'சோறு', 'போதும்', 'தூக்கம் வருது', அவ்வளவுதான். அந்த ஆட்டத்துக்குத் தன்னோடு வா என்றாள். அவளாக வந்து என்னை எதற்காவது அழைத்தது அதுதான் முதல் முறை. கோல்ஃபா, எனக்கா என்று சிரித்தேன். அவள் கோபப்படவில்லை. "பரவாயில்லப்பா, கூடப் படிக்கிற லேயாவோட அப்பாகூட ஆடிக்கிறேன்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு ஷூ கயிறு கட்டினாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சூப்பர்மார்க்கெட் கிடங்கில் பத்து வருஷமாகப் பெட்டி தூக்குகிறவன் அன்று ராத்திரியே ஆன்லைன் கோச் ஒருவரிடம் சேர்ந்தேன்.

கோச் எந்த நாட்டில் இருந்தாரோ தெரியாது. நாம் வீடியோ அனுப்பினால் அவர் குரலில் பதில் அனுப்புவார். முதல் பதிலிலேயே எனக்குத் தலைகால் புரியவில்லை. இடுப்புத் திருப்பம் பிரமாதமாம், இதை எங்கே கற்றாய் என்று கேட்டிருந்தார். எங்கே கற்பேன்? வம்பாகீரப்பாளையம் மீனவர் குப்பத்தில் பிறந்தவன் நான். எனக்கும் சேகர் அண்ணனுக்கும் இரண்டே வயசு வித்தியாசம். பள்ளிக்கூடம் விட்டதும் தேங்காய்த்திட்டு முகத்துவாரத்துக்கு ஓடுவோம். வீச்சுவலைக் கயிற்றை இடது மணிக்கட்டில் மாட்டி, பாதி வலையை முழங்கையில் போட்டு, இடுப்பைத் திருப்பி வீசினால் வட்டமாக விரிந்து விழ வேண்டும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யார் வட்டம் பெரிசு என்று சண்டை போட்டே வந்துவிட்டது. அந்த இடுப்புதான் மாப் கட்டையைச் சுற்றியது.

இரண்டு மாசம் பால்கனியில் பாராட்டு வாங்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவி, மகளோடு மைதானத்துக்குப் போனேன். அங்கே நிலாவின் கோச் பாட்ரிக், வழுக்கைத் தலை, நல்ல மனுஷன். நிஜ மட்டையைக் கையில் வாங்கி வீசினேன். பந்து பத்தடி போனது. மட்டை என் கையை விட்டு முப்பதடி போனது. இரண்டாம் முறையும் அதேதான். பால்கனியில் கம்பி இடிக்குமே என்று ஒருநாளும் முழு வீச்சு வீசியதில்லை. செல்போன் கோச் எதைக் கண்டார் பாவம். பாட்ரிக் என் பின்னால் வந்து நின்று, என் விரல்மேல் தன் விரலை வைத்து ஒவ்வொன்றாக மடக்கினார். இந்த நாட்டில் கை குலுக்குவார்கள், பிடித்துக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சூட்டில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏன் விடுகிறீர்கள்?" என்றார். தெரியவில்லை. "களைப்பு" என்றேன். நம்பிவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கொஞ்சம் உட்கார்ந்து எழுந்து வீசினேன், மறுபடியும் பறந்தது. பெஞ்சில் இருந்த நிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மட்டை பறந்ததை என் மனைவி எடுத்த வீடியோவைச் சிரிப்புக்காக அண்ணனுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷம் போன்.

"என்னாடா தம்பி, வலைய வுடற?"

"வலையா?"

"கடசில பத்து விரலயும் தொறக்குற பாரு. அது வல வுடற கையி. அங்க என்னா மீனா கெடக்குது? புடிச்சிக்கடா."

ஒன்பது வருஷமாக நேரில் பார்க்காதவன் அவன். நாலு விநாடி வீடியோவில் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். பிறகு எப்போதும் கேட்பதைக் கேட்டான், "எப்ப வர?" எப்போதும் சொல்வதைச் சொன்னேன், "ஆகஸ்டுல."

அதன்பிறகு ஒவ்வொரு வீச்சுக்கும் 'புடிச்சிக்க, புடிச்சிக்க' என்று முணுமுணுத்தே பழகினேன். நிலாவுக்கு அது வேடிக்கை. ஜூனில் ஆட்டத்தன்று நான் மட்டையை ஓங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து "புடிச்சிக்க!" என்பாள், அச்சாக எங்கள் அண்ணன் மாதிரி. கடைசிக்கு முந்தின இடம் வந்தோம். மட்டை ஒருமுறைகூடக் கையை விட்டுப் போகவில்லை. கார் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதற்குமேல் என்ன வேண்டும் எனக்கு?

அந்த ஆகஸ்டில் நிஜமாகவே போனோம். இறங்கிய மறுநாள் சாயங்காலமே அண்ணன் என்னை முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போய் வலையை என் தோளில் போட்டான். "பிரெஞ்சுக்காரு வட்டம் எப்பிடிக்கீதுன்னு பாப்போம்." நிலா கரையில் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கயிற்றை மாட்டினேன், இடுப்பைத் திருப்பினேன், வீசினேன். வலை என் காலடியில் மூட்டையாக விழுந்தது. விரல் திறக்கவில்லை. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டாம் தடவையும் மூட்டைதான். இப்போது அவன் சிரிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் என் பின்னால் வந்து நின்று, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான்.

"இறுக்கிப் போச்சுடா உனுக்கு" என்றான் மெதுவாக. "ஒண்ணுமில்ல. திருப்பி வீசு. நான் சொல்றப்ப வுட்டுடு."

வலையை அள்ளிக்கொண்டு இடுப்பைத் திருப்பினேன். காதருகே அண்ணன், "வுட்றா" என்றான். அதே நொடியில் கரையிலிருந்து என் மகள் தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் கூட்டிக் கத்தினாள்:

"அப்பா, புடிச்சிக்க!"