புத்தகத்தில் சாகாதவன்

என் மகள் ஜப்பான்காரர்கள் வரைகிற படக்கதைப் புத்தகங்களை வாங்கி அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வர வேண்டிய விசித்திரமான புத்தகங்கள். அதே கதை டிவியில் ஓடினால் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். மங்காதான் உசத்தி, அனிமே அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது என்பது அவள் கட்சி. ஏனடி என்றால், "குரல் தப்பும்மா. நான் படிக்கும்போது அவன் இப்படிப் பேசவே இல்லை" என்கிறாள். அதற்கு மேல் நான் கேட்பதில்லை. படத்தைவிடப் புத்தகம்தான் உசத்தி என்று ஒற்றைக்காலில் நின்ற இன்னொருவரை நான் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன். அவர் என் சித்தப்பா. அவருடைய காரணம் வேறு.

சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருந்த தெருவில் விடிந்தது முதல் விசைத்தறிச் சத்தம்தான். கரண்டு போனால் ஊரே பொசுக்கென்று ஊமையாகிவிடும், அந்த அமைதியில் கைக்குழந்தைகள் திடுக்கிட்டு அழும். சித்தப்பா மீசை அரும்புவதற்கு முன்பே தறியில் நின்றவர். கொண்டுபோய் நிறுத்தியது என் அப்பா. தாத்தா இறந்த பிறகு வேறு வழி இல்லை என்பார். கொட்டகைக்குள் அத்தனை தறியும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதில் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் குரலைச் செலவழிப்பதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். சாப்பாடு வந்துவிட்டதா என்பதிலிருந்து முதலாளியைத் திட்டுவது வரைக்கும் எல்லாம் உதட்டிலேயே நடக்கும்.

சித்தப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. இதை மறைத்து வைத்துக் கடைசியில் சொல்லி யாரையும் மலைக்க வைக்கும் ஆசை எனக்கு இல்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு இது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சித்தப்பா தெரியவிடவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அப்பாவுக்கு உச்சிக்கு ஏறிவிடும்.

"ஏலே, கூப்புடுதேன், மரம் மாதிரி நிக்க? ரெண்டு காசு சம்பாரிச்சதும் திமிராலே ஒனக்கு?"

சித்தப்பா திமிர் பிடித்தவர் என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பார். செவிடன் என்ற பட்டத்துக்கு அது தேவலை என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. பாவம்.

திமிருக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. குருவிகுளத்தில் பார்த்த பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளைக்கு மட்டு மரியாத தெரியல, கேட்டா பதில் சொல்ல மாட்டேங்காரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்து வந்த இடமும் அதே காரணத்தால் தட்டிப்போனது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று, "இந்தப் பயலுக்கு ஒரு வழியக் காட்டேன்" என்று வாய்விட்டே புலம்புவாள். இதற்கு மேல் ஒரு இடம் தவறிப்போனால் ஊருக்குள் பெயர் கெட்டுவிடும், அப்புறம் யாரும் பெண் தர மாட்டார்கள் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

என்னைப் பொறுத்தவரை சித்தப்பா என்றால் படக்கதை. பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் கயிற்றில் தொங்கும் காமிக்ஸ் புத்தகங்களில் புதிதாக எது வந்தாலும் சட்டைக்குள் செருகிக் கொண்டுவந்துவிடுவார். லீவு நாளில் நாங்கள் இருவரும் படிப்போம். என்னைப் பக்கத்தில் உட்கார விட மாட்டார். "எதுக்க உக்காருட்டி" என்பார். புத்தகம் நடுவில் அவர் பக்கம் பார்த்து இருக்கும். நான் தலைகீழாகப் பார்த்துச் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். அப்படித்தான் எனக்குத் தலைகீழாக வாசிக்க வந்தது. பள்ளிக்கூடத்தில் இதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வேன். என் வாயைப் பார்ப்பதற்காகத்தான் அவர் என்னை எதிரே வைத்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் இருவருக்கும் உயிரான கதை ஒரு கப்பல் தலைவனுடையது. தலைவன் பேசுகிற இடங்களை மட்டும் சித்தப்பாவே வாசித்துக் காட்டுவார். வானம் பார்த்த பூமிக்காரர்களான எங்களுக்குக் கடல் என்றால் கறுப்பு மையில் வளைந்து வளைந்து போகும் கோடுகள்தான். அந்தக் கப்பலில் தலைவனின் சிநேகிதன் ஒருவன் உண்டு. ஒல்லியாக, பனைமர உயரத்துக்கு இருப்பான். அவனுக்குப் பாய்மரத்தான் என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். ஒரு கட்டத்தில் கொள்ளைக்காரர்களை ஏமாற்றுவதற்காக ஈட்டி பட்டுச் செத்ததுபோல் விழுந்து கிடப்பான். அவர்கள் பக்கத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சல். அந்தப் பக்கம் வந்தாலே சித்தப்பா தொடையில் தட்டிச் சிரிப்பார்.

சினிமாவுக்குக் கூட்டிப் போகச் சொன்னால் மட்டும் நழுவுவார். ஒரு நாள் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"சினிமாக்காரன் முதுகக் காட்டிட்டுப் பேசிட்டுப் போயிருவாம்ட்டி" என்றார். "நமக்குன்னு நிக்கவே மாட்டான். புஸ்தகத்துல எவன் எங்கன திரும்பிக்கிட்டுப் பேசுனாலும் பேசுனது அவன் தலைக்கு மேல அப்படியே நிக்கும். நாம பாக்க மட்டும் நிக்கும்."

இவ்வளவு நேரான காரணத்தை ஒருவர் சொல்லியும் நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து கூட்டம் வடிந்த சமயம் மூன்றாவது இடம் வந்தது. பெண் ஊருக்குள்ளேயே இருந்தாள், இன்னொரு தறிக்கொட்டகையில் தார் சுற்றும் வேலை, அதாவது ஊடை நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றிக் கொடுப்பது. அவளுடைய அப்பா உஷாரான மனிதர். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடும், எல்லாரும் சினிமாவுக்குப் போவோம், தற்செயலாகப் பார்த்ததுபோல் இருக்கட்டும் என்றார். அப்போதெல்லாம் இப்படியும் பெண் பார்ப்பார்கள். சித்தப்பா, "கோயில்ல வச்சுப் பாப்போம்ணே" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். "அவங்க சொல்லிட்டாங்க, நீ பொத்திக்கிட்டு வா" என்றார் அப்பா.

நானோ குதித்துக்கொண்டிருந்தேன். தியேட்டரில் ஓடியது எங்கள் கப்பல் தலைவன் கதை! சொல்லிவிட்டு எடுத்தார்களோ, சுட்டு எடுத்தார்களோ, போஸ்டரில் அதே கப்பல், அதே தொப்பி, பின்னால் பாய்மரத்தான். சித்தப்பாவிடம் ஓடிவந்து சொன்னபோது அவருக்கும் முகம் கொஞ்சம் தெளிந்தது. தெரிந்த கதைதானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்திருப்பார்.

மேட்னி ஆட்டம். சேர் டிக்கெட்டில் ஒரே வரிசை. அந்தக் கடைசியில் பெண், அப்புறம் அவள் அம்மா, அப்பா. அடுத்து என் அப்பா, சித்தப்பா, நான், அம்மா. படம் தொடங்கியதும் எனக்குப் பெரிய ஏமாற்றம். கப்பல் தலைவனுக்கு மேடையில் ஓட்டுக் கேட்கிறவர் குரல். என் மனதுக்குள் அவன் சித்தப்பாவின் குரலில் பேசிக்கொண்டிருந்தான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. போதாததற்கு அது தெலுங்கில் எடுத்துத் தமிழில் குரல் சேர்த்த படம். வாய் ஒன்று சொல்லும், குரல் ஒன்று சொல்லும். எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

பக்கத்தில் சித்தப்பா கழுத்தை முன்னால் நீட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் வேர்வை. தமிழ்ப் படமாக இருந்தால் பாதியை உதட்டில் பிடித்திருப்பார். இதில் அவருக்கு ஒன்றுமே அகப்படவில்லை. மற்றவர்கள் சிரித்தால் தானும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

பாய்மரத்தானுக்கு ஈட்டி பட்ட இடம் வந்தது. படம் எடுத்தவர்களுக்கு நடிப்புச் சாவு போதவில்லை போலிருக்கிறது, நிஜமாகவே சாகடித்துவிட்டார்கள். தலைவன் மடியில் படுத்து அவன் ஏதேதோ சொல்கிறான். தியேட்டரே மூக்கை உறிஞ்சுகிறது. அந்த நேரம் பார்த்து முன்னால் தரையை ஒட்டிய பெஞ்சு ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் சரிந்துவிட்டார்கள். அங்கே இருந்தவர்கள் தோள் குலுங்கச் சிரித்தது திரை வெளிச்சத்தில் தெரிந்தது. சித்தப்பா அதைப் பார்த்தார். திரையில் சிரிப்பு வருவதுபோல் ஏதோ பேசுகிறான் என்று எடுத்துக்கொண்டு தொடையில் தட்டிச் சிரித்தார். தன் சத்தம் எவ்வளவு என்று அவருக்கு அளவு தெரியாது. தியேட்டர் முழுக்கக் கேட்டது. எங்கள் வரிசையும் முன்வரிசையும் திரும்பிப் பார்த்தன. அப்பா அவர் தொடையைக் கிள்ளினார். சித்தப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அதன் பிறகு படம் முடியும் வரை அவர் தலையை நிமிர்த்தவில்லை.

வெளியே வந்து கலர் சோடா கடைக்குப் பக்கத்தில் நின்றோம். பெண்ணின் அப்பா நேரடியாகவே ஆரம்பித்துவிட்டார்.

"என்னவே இது? ஒருத்தன் உசுரு போவுது, ஊரே அழுவுது, ஒம்ம தம்பி சிரிக்காரு. நாளைக்கு என் வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா இப்படித்தான் வந்து நிப்பாரா?"

"அண்ணாச்சி, அப்படியில்ல..." என்று அப்பா இழுத்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சித்தப்பா கொஞ்சம் தள்ளி, ரோட்டைப் பார்த்து நின்றார். "ஏலே, இங்க வா, வந்து சொல்லு" என்று அப்பா அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தினார். சித்தப்பா அசையவில்லை. "பாத்தீரா வே?" என்றார் பெண்ணின் அப்பா.

அப்போது நான் வாயைத் திறந்தேன். யாரும் கேட்காமல்தான்.

"புஸ்தகத்துல அவன் சாவ மாட்டான்! நடிப்பான்! ஈட்டி கக்கத்துலதான் இருக்கும். அப்புறம் எந்திச்சு எல்லாரையும் அடிப்பான். அதான் சித்தப்பா சிரிச்சாரு. படத்துலதான் தப்பா எடுத்துட்டாங்க. புஸ்தகந்தான் நெசம்!"

ஒரு நிமிடம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஆமா அண்ணாச்சி, அவன் பெரிய புஸ்தகப் பைத்தியம். மனசுல அந்தக் கதை ஓடிருக்கும்." பெண்ணின் அப்பா தாடையைத் தடவினார். "கோட்டிக்காரத்தனமால்லா இருக்கு" என்றாலும் குரலில் பழைய சூடு இல்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். சித்தப்பா கல்யாணத்தை நான்தான் காப்பாற்றிவிட்டேன் என்று அவ்வளவு கர்வம். நான் தெரிந்து பொய் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை நம்பி ஒரு பெண்ணை விவரம் தெரியாமல் கட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று எனக்கு எங்கே தெரியும்?

பெண் மட்டும் என்னையும் பார்க்கவில்லை, தன் அப்பாவையும் பார்க்கவில்லை. சித்தப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு போனாள்.

"ஒங்க சித்தப்பாகிட்ட எங்கன நின்னு பேசணும்?"

வெட்கத்தில் கேட்கிறாள் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "எதுக்க நிக்கணும். மெதுவாப் பேசணும். வாய நல்லாத் தொறக்கணும்."

"எப்பயிருந்து?"

"எப்பவுமே அப்படித்தான்."

அவள் என் தலையை ஒரு தடவை தடவிவிட்டாள். கண் கலங்கியிருந்தது. பாய்மரத்தானுக்காக இன்னும் அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பெரியவர்கள் பார்க்கப் பார்க்க, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சித்தப்பாவுக்கு நேர் எதிரே நின்றாள். "ஏட்டி, என்ன இது?" என்று அவள் அம்மா பதறினாள். அவள் காதில் வாங்கவில்லை. நானும் பின்னாலேயே ஓடி இரண்டு பேருக்கும் நடுவில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன பேசுகிறார்கள் என்று வந்து எல்லோருக்கும் நான்தானே சொல்ல வேண்டும்!

அவள் வாய் அசைந்தது. நிதானமாக, நீளமாக ஏதோ சொன்னாள். சித்தப்பாவின் முகம் வெளுத்து, பிறகு மெல்ல மாறியது. அந்த மாதிரி முகத்தை அவரிடம் நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் வாயும் அசைந்தது. அவள் தலையாட்டினாள். திரும்பி வந்து தன் அம்மாவிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்குச் சம்மதம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பிடித்து உலுக்கினாள். "என்னட்டி பேசிக்கிட்டாங்க? நீ பக்கத்துலதான நின்ன?"

எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை. கையெட்டும் தூரத்தில் நின்றும் கேட்டிருக்கவில்லை. சரியாக அந்த நேரம் ராஜபாளையம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது, அதனால்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அதையேதான் நானும் நம்பினேன். அந்த பஸ் டிரைவரை ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.