பாதி கேட்ட மருந்து

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. ரங்கூன் தாமுவேயில் என் கண்ணாடிக் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். மல்லிகாவிடமிருந்து போன். பதினோரு வருஷமாக என்னோடு கடையில் வேலை பார்க்கிறவள்.

"அக்கா, அவரு எதையோ முழுங்கிட்டாரு. கையில கத்தியை வச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருக்காரு. நான் வெளிய நிக்கிறேன்."

அவர் என்றால் கோ வின், மல்லிகாவின் கணவர். பர்மியர். பதினேழு வருஷம் சிப்பாயாக இருந்து, காலில் குண்டுக் காயத்தோடு வீடு திரும்பியவர். திரும்பி மூன்று வருஷம் ஆகிறது. தெருவில் டயர் வெடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவார். மற்ற நேரங்களில் பேச்சே கிடையாது.

"எதை முழுங்கினாரு?" என்று கேட்டேன்.

"நம்ம நித்யா சொன்ன மருந்துன்னு யாருகிட்டயோ கேட்டு வாங்கிட்டு வந்தாராம் அக்கா."

ஷட்டரைப் பாதியிலேயே விட்டேன். ஏன் தெரியுமா? நித்யா அந்த மருந்தைப் பற்றி மல்லிகாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. சொன்னது நான்.

நித்யா என் தங்கை மகள். ஆஸ்திரேலியாவில் உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, அதற்கு மேலும் ஒரு பயிற்சியில் இருக்கிறாள். போரிலிருந்து திரும்பிய ராணுவத்தினருக்கு, மனதைத் திறக்கிற ஒருவகை மருந்தின் துணையோடு சிகிச்சை. மூன்று வார லீவில் ரங்கூன் வந்திருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடையில் உட்கார்ந்து மல்லிகாவிடம் அளந்தேன் - ஒரே மாத்திரை, பத்து வருஷக் கெட்ட கனவெல்லாம் ஓடிப்போய்விடுமாம் என்று. நித்யா அப்படியா சொன்னாள்? இல்லை. மாதக்கணக்கில் பேச்சு, நடுவில் மருந்து இரண்டு மூன்று தடவை, பக்கத்தில் பயிற்சி பெற்ற இரண்டு பேர், பிறகு மறுபடியும் பேச்சு என்றுதான் சொன்னாள். பேச்சையெல்லாம் விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

மல்லிகா அதை வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவர் தேடிப் போய் வாங்கிவிட்டார். இந்த ஊரில் மாத்திரைக்கா பஞ்சம்?

போனை அணைக்காமலே வீட்டுக்கு ஓடி, நித்யாவை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டே கேள்விகள் கேட்டாள். எத்தனை மணிக்கு முழுங்கினார்? காய்ச்சல் அடிக்கிறதா? பேச்சு புரிகிறதா?

மல்லிகா போனிலேயே அழுதாள். "ஆஸ்பத்திரிக்குப் போனா போதைக் கேஸாக்கிருவாங்க அக்கா."

நித்யா போனை வாங்கினாள். "மல்லிகாக்கா, கேஸை அப்புறம் பாத்துக்கலாம். உயிரு போயிட்டா ஒண்ணுமே பண்ண முடியாது. உங்க தெரு கிளினிக் டாக்டரை உடனே கூப்பிடுங்க. அவரு ஆஸ்பத்திரின்னு சொன்னா ஆஸ்பத்திரிதான்."

மல்லிகா குடியிருக்கும் தாகேதாவுக்கு டாக்ஸி பிடித்தோம். பாலத்தடியில் வண்டிகளை நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பையில் ஒன்றுமே இல்லை. இருந்தும் அதைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ஒரு சிப்பாய் குனிந்து நித்யாவின் முகத்தைப் பார்த்தான், அடையாள அட்டையைப் பார்த்தான், மறுபடியும் முகத்தைப் பார்த்தான். இவள் திரும்பி ஆஸ்திரேலியா போக வேண்டியவள், பிடித்து வைத்துக்கொண்டால்... அவன் போகலாம் என்று கையைக் காட்டினான். பாலம் தாண்டிய பிறகுதான் மூச்சு விட்டேன்.

மல்லிகாவின் வீடு ஒற்றை அறை. வாசலில் கிளினிக் டாக்டர் பையோடு நின்றுகொண்டிருந்தார். கத்தியைப் பார்த்து உள்ளே போகவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் போயிருக்க மாட்டேன்.

நித்யா போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது, நானும் பின்னாலேயே போனேன்.

தண்ணீர்ப் பீப்பாய்க்கும் சுவருக்கும் நடுவில் கோ வின் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வேர்வையில் பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. கண் எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. மீன் வெட்டுகிற நீளக் கத்தி, மடியில்.

நித்யா அவர் பக்கம் போகவில்லை. வாசலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பர்மிய மொழியில் மெல்லச் சொன்னாள்.

"கோ வின், இது உங்க வீடு. தாகேதா. இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. நான் நித்யா, மல்லிகாக்காவுக்குத் தெரிஞ்சவ. உங்களைத் தொட மாட்டேன். இங்கேயேதான் இருப்பேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள். அதே குரலில், அதே வார்த்தைகளை. எத்தனை தடவை என்று எனக்கு நினைவில்லை.

திடீரென்று அவர் கத்தியை உயர்த்தினார். "அந்தச் செருப்பு" என்றார். "அந்தச் செருப்பை எடுங்க."

வாசலுக்கு உட்பக்கம், சுவரோரமாக வீட்டுச் செருப்புகள் வரிசையாக இருந்தன. வரிசையின் மறுமுனை அவருக்கு எட்டும் தூரத்தில்.

நித்யா அவரிடமிருந்து பார்வையை எடுக்காமல் தமிழில் சொன்னாள். "பெரியம்மா, மெதுவா எந்திரிங்க. அவருக்கு முதுகைக் காட்டாதீங்க. செருப்பை எல்லாம் வெளிய கொண்டு போயிருங்க."

நானா?

ஐம்பத்தாறு வயசில் பல தடவை பயந்திருக்கிறேன். அன்றைக்குப் பயந்தது வேறு. உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. நான்கு அடி தூரம். கத்தி நுனி என் கூடவே நகர்வது கடைக்கண்ணில் தெரிந்தது. ஒவ்வொரு ஜோடியாகக் குனிந்து எடுத்தேன். கடைசி ஜோடி சின்னது, மல்லிகாவுடையது. அதை எடுக்கும்போது அவர் ஏதோ முனகினார். எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன்.

செருப்பில் என்ன இருக்கிறது? பிறகு அவர் சொன்னார். ஒரு கிராமத்தைப் பற்றி, ஒரு வீட்டு வாசலைப் பற்றி, அங்கே தான் செய்த ஒன்றைப் பற்றி. வாசலில் நின்றிருந்த எனக்கும் கேட்டது. அதை இங்கே எழுத மாட்டேன். அது அவருடையது. இன்னும் சிலருடையதும்கூட. அவர்கள் இப்போது இல்லை.

நித்யா "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. "அழாதீங்க" என்றும் சொல்லவில்லை. "கேக்குறேன்" என்று மட்டும் சொன்னாள். ஒரு மணி வாக்கில் கோ வின் கத்தியைத் தானே தரையில் தள்ளிவிட்டார். டாக்டர் உள்ளே வந்து நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் எல்லாம் பார்த்தார். சாயங்காலம் வரை இருந்து, திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை. வெயில் இறங்கும் நேரத்தில் கோ வின் மல்லிகாவின் மடியில் தலைவைத்துத் தூங்கிப் போனார்.

திரும்பும் டாக்ஸியில், சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "ஆனா பேசிட்டாரே நித்யா. அந்த மாத்திரை ஏதோ நல்லது செஞ்சிருக்குல்ல?"

"இல்ல பெரியம்மா. அது என்ன மாத்திரைன்னே நமக்குத் தெரியாது. அது அவரைக் கொன்னிருக்கலாம், அவரு நம்மளைக் கொன்னிருக்கலாம். நடந்தது அதிர்ஷ்டம். அதுக்குச் சிகிச்சைன்னு பேர் வைக்காதீங்க."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சு. இன்னும் இருக்கு. அங்க பயிற்சியில எங்களுக்கு முதல்ல சொல்லிக் குடுக்குறதே இதான். பயந்துக்கிட்டே உக்காந்திருக்கணும். எந்திரிச்சு ஓடவும் கூடாது, சரி பண்ணப் போறேன்னு பாயவும் கூடாது."

கவனித்தீர்களா? நான் கடையில் அளந்த பெருமையில் இதில் ஒரு வரிகூட இல்லை. மருந்தின் பெயர் சட்டென்று பரவிவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புதன்கிழமை மல்லிகாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை.

நித்யா விசாரித்து, வீடு திரும்பிய சிப்பாய்களோடு பேசிப் பழகிய ஒரு மனநல ஆலோசகரைக் கண்டுபிடித்தாள். மாத்திரை கிடையாது, பேச்சு மட்டும்தான். வெள்ளிக்கிழமை கோ வின் போனார். இருபது நிமிஷம்.

"என்ன பேசினாராம்?" என்று மல்லிகாவிடம் கேட்டேன்.

"ஒண்ணும் பேசலையாம் அக்கா. சும்மா உக்காந்திருந்தாராம். அடுத்த வாரமும் வர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்காரு."

போவாரா? தெரியாது. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. மல்லிகா கேட்பதற்கு முன்பே, வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு லீவு என்று சொல்லிவிட்டேன். காரணம் எதையும் விளக்கவில்லை - நான் விளக்கினால் என்ன ஆகும் என்பதுதான் தெரிந்துவிட்டதே.