கடைசி வரி மட்டும் படிக்கிறவன்

ஜெராக்ஸ் கடைக்காரனுக்குக் கண் இருக்கலாம், ஆனால் அவன் படிக்கக் கூடாது. இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். கோர்ட்டுத் தாள், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, பாகப் பத்திரம், ஜாதகம் என்று ஊரே தன் மானத்தை மடித்து எடுத்து வந்து நம் கண்ணாடி மேல் விரித்துப் போடுகிறது. என்னை மாதிரிக் கடை போட்டு உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். பார்க்காத மாதிரி பார்க்க வேண்டும்.

திருத்தணி மலைப்படிக்குப் போகிற வழியில், ஒரு மேல்நிலைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் என் கடை. நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பதால் படிக்காமல் இருப்பது எனக்குச் சுலபமாகவே இருந்தது. ஒன்றே ஒன்றுதான் விலக்கு. தாள் கொஞ்சம் நீளமாக இருந்தால் மெஷின் கடைசி வரியை வெட்டிவிடும், வாங்கிப் போனவர் திரும்பி வந்து சண்டை போடுவார். அதனால் எந்தத் தாளாக இருந்தாலும் கடைசி வரி வந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பேன். இந்த ஊரில் யார் வீட்டுக் கதையும் எனக்கு முழுசாகத் தெரியாது. முடிவு மட்டும் தெரியும்.

டீச்சர் கொண்டுவந்த கட்டு

எதிர்ப் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறவர் வளர்மதி டீச்சர். கார்த்திகை பிறந்த சமயம், ஒரு பெரிய கட்டுக் கட்டுரைத் தாளைச் சணல் போட்டுக் கட்டி எடுத்து வந்தார். எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து அவர் போனுக்கு அனுப்ப வேண்டும். எதுக்கு டீச்சர் என்று கேட்டேன். போனில் ஏஐ இருக்கிறதாம். பிள்ளைகள் எழுதியதை அது படித்து, எது நன்றாக இருக்கிறது, எதைத் திருத்த வேண்டும் என்று ஆளுக்கு ஒரு பக்கம் பொறுமையாகச் சொல்லுமாம். ஐந்து செக்‌ஷன் பிள்ளைகளுக்கு அவர் ஒருத்தரே ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுவதென்றால் பங்குனி வந்துவிடும் என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த அம்மா கண்ணைப் பார்த்தால் மலை ஏறி இறங்கியவர் மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லாமல் வெறும் மார்க்கு மட்டும் போட்டுக் கொடுக்க மனசில்லாமல்தான் இந்த வழிக்கு வந்தார். மார்க்கும் அதுதான் போடுமா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

"மார்க்கு நான்தான் போடுவேன், நைனா. முதல்ல அது படிக்கட்டும், அப்புறமா நான் படிக்கிறேன்."

நடுவில் வந்த ஒரு தாள்

என்னை இந்தத் தெருவில் எல்லாரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆந்திரா எல்லை பக்கத்தில் இருப்பதால் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. அப்பாவும் நைனா, கடைக்காரரும் நைனா.

கட்டுரைத் தலைப்பு 'என் வீட்டில் ஒரு நாள்'. தாளைப் போடுகிறேன், எடுக்கிறேன், கடைசி வரியைப் பார்க்கிறேன். "பெற்றோரைப் போற்றுவோம்." "உழைப்பே உயர்வு தரும்." "ஒற்றுமையாய் வாழ்வோம்." எல்லாம் ஒரே வார்ப்பு. நடுவில் ஒரு தாள். "தை பிறந்தால் நான் பள்ளிக்கு வரமாட்டேன், டீச்சர்" என்று முடிந்திருந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. தாளின் தலைப்பில் பாவனி என்று பெயர். வீடு மாறுகிறார்கள் போல, அரக்கோணத்துக்கோ மெட்ராசுக்கோ டி.சி. வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகள் எத்தனையோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீச்சர்தான் படிக்கப் போகிறாரே, நமக்கு என்ன. பின்னால் பஸ் பாஸ் ஜெராக்ஸுக்கு நின்றுகொண்டிருந்த பூக்காரர் பொறுமை இழந்துவிட்டார்.

"இன்னா நைனா, மிஷினு நின்னு போச்சா, நீ நின்னு போயிட்டியா?"

ஒரே விபூதி

மூன்றாம் நாள் ஏஐ சொன்னதெல்லாம் டீச்சரிடமிருந்து என் போனுக்கு வந்தது. பிரின்ட் எடுத்து வைத்தேன், பிள்ளைகள் இடைவேளையில் வந்து அவரவர் தாளை வாங்கிக்கொண்டு போனார்கள். முதலில் ஒரே சந்தோஷம். தன் பெயரைப் போட்டு ஒரு பக்கம் முழுக்கத் தன்னைப் பற்றியே எழுதியிருப்பதை அந்தப் பிள்ளைகள் அதுவரை பார்த்ததில்லை. கடைக்கு வெளியே நின்று ஒருத்தர் தாளை ஒருத்தர் வாங்கிப் படித்தார்கள்.

சாமிநாதன் என்று ஒரு பையன். அவன் அப்பா மலைமேல் மடப்பள்ளியில் சமையல். அவன் நான்கு பேர் தாளை வரிசையாகப் பிடித்துப் பார்த்தான். நான்கிலும் முதல் வரி, "உங்கள் சிந்தனை மிகச் சிறப்பாக உள்ளது." இத்தனைக்கும் அவன் எழுதியிருந்தது பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதியதாம், அவனே ஒத்துக்கொண்டான்.

"கோயில் விபூதி மாதிரி நைனா, வேண்டிக்கினு வந்தவனுக்கும் அதுதான், வேடிக்கை பாக்க வந்தவனுக்கும் அதுதான்."

அந்தப் பெண் கேட்டது

பாவனி கடைசியாக வந்தாள். பள்ளிப்பட்டு பஸ்ஸில் வருகிற பெண். வீட்டில் தறி. காலையில் நூல் சுற்றிக் கொடுத்துவிட்டு ஓடி வருவாள் போல, சுடிதார் ஓரத்தில் கலர் நூல் ஒட்டியிருக்கும். அவள் தாளைக் கொடுக்கும்போது வழக்கம்போல் கடைசி வரியைப் பார்த்தேன். "முடிவுரை திடீரென்று நிற்கிறது. நம்பிக்கை தரும் ஒரு வரியோடு முடித்தால் கட்டுரை மேலும் சிறக்கும்."

அவள் நின்ற இடத்திலேயே முழுசாகப் படித்தாள். மடித்தாள். பிரித்து மறுபடியும் படித்தாள். பிறகு என்னிடம், டீச்சர் என் கட்டுரையைப் படித்திருப்பார்களா நைனா என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை முகத்தைப் பார்த்து, படிச்சிருப்பாங்கம்மா, படிக்காம இருப்பாங்களா என்று சொல்லிவிட்டேன். அறுபத்து நான்கு வயசில் நான் சொன்ன பொய்களில் அதுதான் கனமானது. அவள் தலையை ஆட்டினாள்.

"ஆங், சரி நைனா. அப்போ படிச்சிட்டுத்தான் இப்படிச் சொல்லியிருக்காங்க."

இரண்டாவது கட்டு

ஏஐ சொன்னபடி திருத்தி எழுதிக் கொடுங்கள் என்று டீச்சர் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். பத்து நாள் கழித்து அடுத்த கட்டு வந்தது. டீச்சர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ லிஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவனி தாள் வந்தது. கடைசி வரி இப்படி இருந்தது: "தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நம்புவோம்."

நான் மெஷினை நிறுத்தினேன். ஸ்கேன் எடுத்ததையெல்லாம் அன்றன்றைக்கே அழித்துவிடுவது என் வழக்கம். பாவனியின் முதல் தாளை மட்டும் அழிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தொழில் சுத்தம் பேசுகிறவன் அதைச் செய்திருக்கக் கூடாது. பழையதைப் பிரின்ட் எடுத்துப் புதுசுக்குப் பக்கத்தில் வைத்தேன். டீச்சர், இரண்டிலும் கடைசி வரியை மட்டும் பாருங்க என்றேன்.

பார்த்தார். பிறகு பழைய தாளை முதலிலிருந்து படித்தார். நான் மெஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். நகரி பக்கம் பாவாவுக்கு, அதாவது மாமன் மகனுக்குக் கட்டி வைக்கப் போகிறார்கள், தையில் கல்யாணம், அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயசு. இது மட்டும்தான் டீச்சர் எனக்குச் சொன்னது. மீதி அந்தத் தாளில் இருக்கிறது, நான் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அது ஒழுங்காத்தான் படிச்சிருக்குது, நைனா. கட்டுரையா படிச்சிருக்குது. ஆனா இது எனக்கு எழுதின கடிதம், இதை நான் பிரிச்சுக்கூடப் பாக்கல."

சனிக்கிழமை பஸ்

டீச்சர் மறுநாளே அந்த வீட்டுக்கு ஓடிவிடவில்லை. முதலில் பாவனியைத் தனியாகக் கூப்பிட்டுத் தான் படிக்காமல் விட்டதைச் சொல்லியிருக்கிறார். உன் வீட்டில் வந்து பேசட்டுமா என்று அவளிடமே கேட்டிருக்கிறார். வரலாம், ஆனால் நான் எழுதினது அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். தெரிந்தால் பள்ளிக்கூடமும் போகும், எழுதின கையும் போகும் என்ற பயம். சனிக்கிழமை டீச்சரும் தலைமை ஆசிரியையும் பள்ளிப்பட்டு பஸ் ஏறினார்கள். இந்த வருஷம் எல்லாப் பிள்ளைகள் வீட்டுக்கும் போகிறோம் என்று சொல்லி, நிஜமாகவே அந்த வழியில் நான்கு வீட்டுக்குப் போய், ஐந்தாவதாகத்தான் அங்கே போனார்கள். பதினெட்டு வயசுக்கு முன்னால் கட்டி வைத்தால் சட்டம் என்ன செய்யும் என்பதைப் பொதுப்பேச்சு மாதிரி எடுத்துச் சொன்னார்களாம். அப்பாக்காரர் முகம் கொடுக்கவில்லையாம்.

திங்கட்கிழமை பாவனி கடைக்கு வந்தாள். நான் கடைசி வரியைப் படித்ததையும், தாளை அழிக்காமல் வைத்திருந்ததையும், அவளிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். கம்ப்யூட்டரில் அவள் கண் முன்னாலேயே அழித்தேன், பிரின்ட்டையும் அவள் கையில் கொடுத்துக் கிழிக்கச் சொன்னேன். பொடிப்பொடியாகக் கிழித்தாள். திருத்தி எழுதின தாளும் கட்டோடு ஏஐக்குப் போய், அதற்கும் பதில் வந்திருந்தது. கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"நெஜத்தை எழுதினேன், திருத்துன்னு சொல்லிச்சு நைனா. பொய்யை எழுதினேன், 'மிக அருமை'ன்னு சொல்லிச்சு. எனக்கு அதுமேல கோவமில்ல, நான் அதுக்கு எழுதவே இல்லையே."

பட்டைத் தாள்

ஆதார் ஜெராக்ஸ் கேட்டு வந்தால், நம்பர் முழுக்கத் தேவையில்லாத இடத்தில் ஒரு பட்டைத் தாளை மேலே வைத்து மறைத்து எடுத்துக் கொடுப்பேன். கழிவுத் தாளில் விரல் அகலம் வெட்டி டப்பாவில் வைத்திருப்பேன். பிள்ளைகள் பெயர், செக்‌ஷன், வீட்டுக் கதை எல்லாம் ஏஐக்குப் போனபோது அந்த டப்பா கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எனக்கும் தோணவில்லை, டீச்சருக்கும் தோணவில்லை.

அரையாண்டுப் பரீட்சைக்கு அப்புறம் முறை மாறியது. டீச்சர் வீட்டில் முதலில் தானே படிக்கிறார். தாளின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி, அந்தப் பிள்ளைக்கு மட்டும். பிறகு, சம்மதம் சொன்ன பிள்ளைகள் தாள் மட்டும், பெயர்மேல் பட்டை வைத்து ஏஐக்குப் போகிறது. அது சொன்னதையும் படித்துப் பார்த்து, ஒவ்வாததை அடித்துவிட்டுத்தான் கொடுக்கிறார். வீட்டைப் பற்றி எழுதினது எதுவும் போனுக்குள் போவதே இல்லை. இதனால் மூன்று நாளில் வந்தது இப்போது மூன்று வாரம் ஆகிறது. சாமிநாதனுக்கு அவன் தாளில் வந்த சிவப்பு வரி, "இது உன்னுடையது இல்லை, மடப்பள்ளியைப் பற்றி நீயே எழுது." அவன் என்னிடம் வந்து அலுத்துக்கொண்டான்.

"அதுகிட்ட தப்பிச்சிடலாம் நைனா, இவங்ககிட்ட முடியல."

இரண்டு காப்பி

மார்கழி முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. படித் திருவிழாக் கூட்டம் வந்தது, போனது. கல்யாணப் பத்திரிகை அடிக்க மாடல் ஜெராக்ஸ் என்று யார் வந்தாலும் பெண் பெயரைப் பார்த்தேன். படிக்கக் கூடாது என்ற பாடமெல்லாம் போயே போச்சு. பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, உள்ளங்கையில் சாயம் ஏறிய ஒரு ஆள் வந்து ஆதார் கார்டை நீட்டினார். பாவனியுடையது. அவள் அப்பாதான். என்னை அவருக்குத் தெரியாது. பட்டையை வைத்துக்கொண்டே, எதுக்குங்க என்று கேட்டேன்.

ஸ்காலர்ஷிப்புக்கு என்றார். தானாகவே பேச ஆரம்பித்தார். டீச்சர் வந்து ஏதோ சட்டம் பேசிவிட்டுப் போனார்களாம், சட்டத்துக்கெல்லாம் பயப்படுகிறவன் இல்லையாம். மச்சான் வீட்டில் முகம் சுளித்தாலும் கல்யாணப் பேச்சைத் தள்ளி வைத்திருக்கிறாராம். முறித்துக்கொண்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அப்படி எழுதவில்லை. காப்பியை வாங்கி மடித்தார்.

"ரெண்டு மாசமா சோறு துன்னாம கெடந்த பொண்ணுங்க. டீச்சர் வந்துட்டுப் போனதுலேர்ந்து தட்டைத் தொடச்சித் துன்னுது. அதைப் பாத்துக்கினே கல்யாணப் பேச்சு எப்டிங்க எடுக்கறது?"

தை பிறந்தது. மாட்டுப் பொங்கல் முடிந்த வாரம் அடுத்த கட்டு வந்தது. பாவனியின் தாள் ஏஐக்கு இல்லை, டீச்சர் தன்னிடம் வைத்துக்கொள்ள ஒரு காப்பி மட்டும் கேட்டார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெருக்கி எழுதி, தாளின் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டாள். முதல் காப்பியில் மெஷின் கடைசி வரியை வெட்டிவிட்டது. தாளை நகர்த்தி வைத்து மறுபடியும் எடுத்தேன். "இடம் போதவில்லை டீச்சர், மிச்சத்தை அடுத்த கட்டுரையில் எழுதுகிறேன்."

மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கடைசி வரி வந்திருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும், அந்த ஆளுக்கு வாயைத் திறக்க என்னை மாதிரி இரண்டு வாரம் ஆகக் கூடாது, அவ்வளவுதான் இந்தத் தொழில்.