பின்வேலிப் பந்து

நேற்று மகளின் ஆங்கில அகராதியில் ஒரு சொல்லைத் தேடினோம். கிறிக்கெற் என்ற அந்தச் சொல்லுக்கு மூன்று பொருள் போட்டிருந்தது: ஒரு விளையாட்டு, சில்வண்டு, உயரம் குறைந்த முக்காலி. மகள் சிரித்தாள். எனக்கு ஒட்டுசுட்டானில் இருந்த எங்கள் வீட்டு வளவு நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு பின்னேரம் இந்த மூன்றும் ஒன்றாக இருந்தன.

அப்போது எனக்கு எட்டு வயது. குசினியில் அம்மா குந்தியிருந்து அடுப்பூதும் முக்காலிதான் எங்களுக்கு விக்கெற். தென்னைமட்டை துடுப்பு. சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றியது பந்து. பின்வேலிக்கு அப்பால் காடு என்பதால் எங்களுக்கு ஒரு தனிச்சட்டம் இருந்தது. பந்து காட்டுக்குள் போனால் ஆறு ஓட்டம் கிடையாது, அவுட்; அடித்தவரே போய் எடுக்கவும் வேண்டும்.

நான் போட்ட பந்தை அக்கா வேலிக்கு மேலால் அனுப்பினாள். நடுவராக நின்றவன் மாமாவின் மகன், எங்கள் மச்சான்.

"அவுட். போய் எடு."

"கண்ணைத் திறந்து பார்த்தனியோ? வேலியிலை பட்டுத்தான் போனது."

"பட்டாலும் காடு காடுதான்."

அக்கா முணுமுணுத்தபடி வேலியில் ஓட்டையாகக் கிடந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து போனாள்.

பொழுதுபடும் நேரம் சில்வண்டுகள் கத்துவதை எங்கள் பக்கத்தில் யாரும் கவனிப்பதில்லை. நின்றால்தான் கவனிப்போம். அன்று பின்வேலிப் பக்கம் மட்டும் சட்டென்று நின்றது. அம்மா அகப்பையோடு வெளியே வந்தா.

"அக்கா எங்கை?"

மச்சான் காட்டுப்பக்கம் கையை நீட்டினான். நான் கூப்பிட வாயைத் திறந்தேன். அம்மா என் வாயைப் பொத்தினா.

"கூப்பிடாதை. கூப்பிட்டால் ஓடி வருவாள். யானை நிக்குது."

உள்ளே ஒரு கிளை முறிந்தது. அம்மாவின் கையில் வெங்காய மணம். வெகுநேரத்துக்குப் பிறகு இன்னொரு கிளை, தூரத்தில். பிறகு ஒரு சில்வண்டு தொடங்கியது. அதைத் தொடர்ந்து எல்லாம் கத்தத் தொடங்கின.

அக்கா வேலிப் பொட்டுக்குள்ளால் வெளியே வந்தாள். கையில் பந்து.

"பாலை மரத்தோடை ஒட்டிக்கொண்டு நிண்டனான். யானையின்ரை பின்பக்கம் மட்டும்தான் கண்டனான்" என்றாள்.

மச்சான் அவளை மேலும் கீழும் பார்த்தான். "வேலியிலை பட்டது உண்மைதான். நீ அவுட் இல்லை" என்றான்.

அம்மா ஏசவில்லை. அக்காவை வாசற்படியில் இருத்தி, அவளுடைய காலைத் தன் மடியில் வைத்து முள் எடுக்கத் தொடங்கினா. அடுப்பில் கறி அடிப்பிடித்து மணந்தது. அம்மா எழும்பவில்லை.

"முடிஞ்சுது அம்மா, விடுங்கோ."

"இன்னும் கிடக்கு. ஆடாதை."

நான் குனிந்து பார்த்தேன். காலில் ஒரு முள்ளும் இல்லை. இருட்டில் அம்மாவுக்குக் கண் தெரியவில்லையாக்கும் என்று நினைத்து, விளக்கை எடுத்துவர உள்ளே ஓடினேன்.