சின்னவள் தொடங்கும் ஜெபம்

அக்கா வீட்டு ஹாலில் சுவருக்குச் சுவர் கம்பளம் போட்டிருந்தது. கால் வைத்தால் புதையும். அந்தக் கம்பளத்தின் மேல் தினமும் சாயங்காலம் ஒரு ஜமுக்காளத்தை உதறி விரிப்பாள் அக்கா. சிவப்பும் நீலமும் பட்டை பட்டையாக ஓடும் ஜமுக்காளம், கல்யாணமாகி அமெரிக்கா வந்தபோது பாளையங்கோட்டையிலிருந்து பெட்டியில் மடித்து வைத்துக் கொண்டுவந்தது. கம்பளத்துக்கு மேல் எதற்கு ஜமுக்காளம் என்று வந்த புதிதில் நான் கேட்டேன். "கார்ப்பெட்ல உக்காந்தா பிள்ளைகளுக்கு டிவி பாக்கத்தான் தோணும். இதுல உக்காந்தாத்தான் ஜெபம்னு தெரியும்" என்றாள். அவள் சொன்னது சரிதான். டிவியை அணைக்கச் சொல்லி யாரும் கத்த வேண்டியிருக்கவில்லை. ஜமுக்காளம் விரிந்ததும் வீடு தானாக அடங்கிவிடும்.

அந்த ஜமுக்காளத்தின் ஒரு ஓரத்தில் தொங்கும் நூல்கள் மட்டும் சின்னச் சின்னச் சடைகளாகப் பின்னியிருக்கும். அது அக்காவின் மகள், எங்கள் சின்னவளின் வேலை. அப்பா ஜெபிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டே பின்னுவாள். அத்தான் எவ்வளவு நேரம் ஜெபித்தார் என்று தெரிய வேண்டுமானால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், சடையின் நீளத்தைப் பார்த்தால் போதும் என்று நான் கேலி செய்வேன். அத்தானும் சிரிப்பார். இப்போது நினைத்துப் பார்த்தால், அவர் வாய்விட்டுச் சிரித்த நாட்கள் எல்லாம் நான் அங்கே போய்ச் சேர்ந்த முதல் மூன்று வருஷத்துக்குள்தான் இருக்கின்றன.

நான் தொண்ணூற்றாறில் மென்பொருள் வேலைக்காக டெக்சாஸ் போனேன். கார் ஓட்டத் தெரியாது. அக்கா இருந்த காப்பெல் ஊரில் கார் இல்லாதவள் கால் இல்லாதவள் மாதிரி. அதனால் அக்கா வீட்டு மாடி அறையிலேயே தங்கிக்கொண்டேன். அத்தான் ஒரு தொலைத்தொடர்புக் கம்பெனியில் எஞ்சினியர். காலையில் என்னை அலுவலகத்தில் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு அமெரிக்கச் சபையின் ஹாலை வாடகைக்கு எடுத்து எங்கள் தமிழ் ஆராதனை நடக்கும். அங்கே ஜெபம் என்றால் அத்தான்தான். வியாதியா, விசா சிக்கலா, புது வீடா, எதற்கும் "அங்கிள், நீங்க வந்து ஒரு prayer பண்ணுங்க" என்று கூப்பிடுவார்கள். இவரும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வீட்டு ஜெபத்துக்கு அக்கா ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் ஒரு பாட்டு, பிறகு வீட்டிலேயே சின்னவர் ஜெபத்தைத் தொடங்க வேண்டும். அடுத்து அவரைவிடப் பெரியவர். இப்படி வயதுப்படி ஏறிப்போய் அத்தானிடம் முடியும். பெரியவர்கள் முதலில் பேசிவிட்டால் பிள்ளைகள் அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள், தங்கள் மனசில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. முதல் வரியாவது தமிழில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். ஆக, நாள் முழுக்கச் சின்னவள் வாயிலிருந்து வரும் முழுத் தமிழ் வாக்கியங்கள் ஜெபத்தில் வருபவைதான்.

எல்லோரும் உட்கார்ந்து பாதிப் பாட்டு பாடி முடித்த பிறகுதான் அவள் எங்கிருந்தாவது ஓடிவருவாள். வந்து சடைகள் இருக்கும் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்து, பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தைக் கையால் தட்டி, "யேசப்பா, எல்லாரும் வந்தாச்சு. நீங்களும் உக்காருங்க" என்பாள். கடைசியாக வந்தவள் சொல்கிற வரவேற்பு இது. அதற்குப் பிறகு இங்கிலீஷில் பீட்சாவுக்கு ஒரு நன்றி, டீச்சருக்கு ஒரு நன்றி. அவளுக்கு அடுத்து அவள் அண்ணன், பிறகு நான், பிறகு அக்கா. நாங்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம்தான்.

பிறகு அத்தான் ஆரம்பிப்பார். "அன்பும் இரக்கமும் நிறைந்த பரம பிதாவே" என்று எடுத்தால், எங்கள் வீட்டைக் கடந்து, சபையைக் கடந்து, தேசத்துத் தலைவர்கள், ஊழியக்காரர்கள், ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள், கடலில் பயணம் செய்கிறவர்கள் வரைக்கும் போய் வருவார். அச்சடித்த மாதிரித் தமிழ். ஒரு சொல் தடுக்காது. எனக்கு அது பெருமையாகவும் இருக்கும், கால் மரத்தும் போகும். பெரியவன் ஒரு கண்ணைத் திறந்து என்னிடம் "டாட் இஸ் இன் ஆஃப்ரிக்கா நவ்" என்று உதட்டை அசைப்பான். "ஜெபங்கேளும் நல்ல பிதாவே" என்ற வார்த்தைகள் வந்ததும் தூங்கினவர்கள் எல்லோரும் விழித்து, உறுதியான குரலில் ஆமென் சொல்வோம்.

சின்னவளுக்கு ஏழு வயதானபோது ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். முதலில் முட்டியில் வலி என்றாள், ஓடி விளையாடியதால் என்று நினைத்தோம். அதன் பிறகு டாலஸ் ஆஸ்பத்திரிக்கும் காப்பெலுக்கும் நடுவில் உள்ள freeway-தான் எங்கள் வீடு என்று ஆயிற்று. சபையார் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். உபவாசம் இருந்தார்கள். அத்தான் வேலை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, டையைக்கூடத் தளர்த்தாமல் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபிப்பார். முன்பைவிட நீளமான ஜெபங்கள். ஒரு வசனத்தையும் விட்டுவிடக் கூடாது, விட்டால் அதனால்தான் கேட்கப்படாமல் போய்விடும் என்று பயந்தவர் மாதிரி ஜெபித்தார். ஒரு சாயங்காலம் சின்னவள் கண்ணைத் திறக்காமலே, "டாடி, ஷார்ட் ப்ரேயர் ப்ளீஸ். ஐ ஆம் டயர்ட்" என்றாள். சரிம்மா என்றார். தொடங்கினார். சுருக்க முடியவில்லை அவரால். அவர் தேசத் தலைவர்களுக்கு வந்தபோது அவள் தூங்கிப்போயிருந்தாள்.

இலையுதிர் காலத்தில் அவள் போய்விட்டாள். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. துக்கத்துக்கு வந்த ஒரு அம்மாள், ஆண்டவர் தம் தோட்டத்துக்கு நல்ல பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டார் என்றாள். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நானும் பின்னால் போனேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் மேல் எனக்கு வந்த கோபம் இத்தனை வருஷமாகியும் முழுசாகத் தீரவில்லை.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு அக்கா மறுபடி ஜமுக்காளத்தை விரித்தாள். நான்கு பேர் உட்கார்ந்தோம். பாட்டுப் பாடினோம். பாட்டு முடிந்தது. ஜெபம் தொடங்கவில்லை. தொடங்குகிறவள் இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தான் தரையில் கையூன்றி எழுந்தார், நாங்களும் எழுந்தோம். மறுநாளும் அப்படித்தான். ஆமென் சொல்லாமல் எழுந்து போகிற வீடாக ஆகிப்போனோம். அந்த வாரக் கடைசியில் அத்தான் மகனைப் பார்த்து, "தம்பி, நீ start பண்ணுப்பா" என்றார். அவனுக்குப் பதினொரு வயதிருக்கும். தலையைக் குனிந்தபடி, "ஐ ஆம் நாட் தி யங்கஸ்ட்" என்றான். சொல்லிவிட்டு எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அக்கா ஜமுக்காளத்தைச் சுருட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அதன் பிறகு மாதக்கணக்கில் அதை எடுக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அத்தான் முன்போலவே ஜெபித்தார். அதே அன்பும் இரக்கமும் நிறைந்த பிதா, அதே தலைவர்கள், அதே கடல் பயணிகள். என்ன விசுவாசம் பாருங்கள் என்று ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் காரில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் ஜெபிக்கிறாரு. வீட்டுல எம் மவளுக்காக ஒரு வார்த்தை வரல அவருக்கு." வீட்டில் மூன்று பேரும் மூன்று அறையில் இருந்தார்கள். சாப்பாடு மேஜையில் உப்பு, சாம்பார் தவிர வேறு பேச்சில்லை. பெரியவன் ஞாயிற்றுக்கிழமை கிளம்ப மறுத்தான், அவனைக் கட்டாயப்படுத்த யாருக்கும் தைரியம் இல்லை. அக்கா குடும்பம் அப்படியே உதிர்ந்துவிடும் என்று நான் பயந்தேன். ஊருக்கு போன் பண்ணும்போது மட்டும் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் ஐஸ் மழை பெய்தது. டெக்சாஸ்காரர்களுக்கு வெயில் பழக்கம், ஐஸ் பழக்கமில்லை. பள்ளிக்கூடம், அலுவலகம் எல்லாம் மூடிவிட்டார்கள், ரோட்டில் ஒரு வண்டி இல்லை. மத்தியானம் கரண்டும் போயிற்று. ஹீட்டர் நின்று வீடு ஜில்லென்று ஆகிவிட, நாங்கள் நாலு பேரும் வேறு வழியில்லாமல் ஹாலில் கணப்பு அடுப்பின் முன்னால் வந்து உட்கார்ந்தோம். வீட்டில் இருந்த போர்வையெல்லாம் எடுத்தும் போதவில்லை. அக்கா அலமாரியைத் திறந்து, யோசித்து நின்று, ஜமுக்காளத்தையும் இறக்கினாள். ஜெபத்துக்கு இல்லை, குளிருக்குத்தான். கால்களின் மேல் போர்த்திக்கொண்டோம். சடைகள் இருந்த ஓரம் பெரியவன் பக்கம் வந்தது. அவன் அதில் ஒரு சடையை எடுத்து, பாதியில் விட்டிருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

அத்தான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணை மூடாமல், கையைக் கூப்பாமல், பக்கத்தில் இருக்கிற ஆளிடம் பேசுகிற குரலில், "ஆண்டவரே, எல்லாரும் வரல. சின்னவ வரல" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. கடவுளிடம் அவர் வீட்டுத் தமிழில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியவன் சடையை விடாமல், "ஐ மிஸ் ஹெர், காட்" என்றான். என் முறை. நான் அழுதுகொண்டிருந்தேன். அக்கா வெகுநேரம் நெருப்பையே பார்த்திருந்துவிட்டு, "ஆமென்" என்றாள். அந்த வீட்டில் அத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்ட ஆமென்.

அதிலிருந்து முறை மாறிவிட்டது. அத்தான்தான் முதலில் தொடங்குவார், மற்றவர்கள் பிறகு. ஒரு வரி, மிஞ்சிப்போனால் இரண்டு. இரண்டாயிரத்து ஒன்றில் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவருக்கும் வேலை போயிற்று. அன்று சாயங்காலம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, "வேலை போயிடுச்சு ஆண்டவரே. பயமா இருக்கு" என்றார். தன் அப்பாவுக்குப் பயம் வரும் என்பதே பெரியவனுக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். நகர்ந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். சபையில் ஜெபிக்கக் கூப்பிட்டால் அத்தான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிடுவார். அங்கிளுக்கு முன்பு இருந்த வல்லமை இல்லை என்று சிலர் பேசிக்கொண்டது அக்கா காதுக்கும் வந்தது. ஆனால் துக்க வீடு என்றால் அவரைத்தான் தேடினார்கள். போவார், பக்கத்தில் உட்காருவார், கிளம்பும்போது ஒரு வரி சொல்வார்.

நான் வேலை மாறி கலிஃபோர்னியாவில் பிளசன்டனுக்குப் போகும்போது அவர்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுவிட்டார். வழியில் திடீரென்று, "பாப்பா, சின்னவ என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. சின்னதா ஒரு prayer. அவ இருக்கும்போது எனக்கு அது வரல" என்றார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, லேன் மாறி, ஓட்டினார்.

சென்ற குளிர்காலத்தில் அத்தான் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போன நான், பெரியவன் தன் ஊருக்குத் திரும்பிய பிறகும் அக்காவுடன் சில நாள் தங்கினேன். அதே வீடு. கம்பளத்தை எடுத்துவிட்டு மரத்தரை போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அக்கா ஜமுக்காளத்தை எடுத்து வந்தாள். சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகிவிட்டது. அவளால் இப்போது தரையில் உட்கார முடியாது. சோபாவில் உட்கார்ந்து பாதத்தை மட்டும் ஜமுக்காளத்தில் வைத்துக்கொண்டாள். நான் கீழே உட்கார்ந்தேன். பாட்டுப் பாடினோம், இரண்டு பேருக்கும் குரல் இல்லை. பாட்டு முடிந்தது. அத்தான் தொடங்குவதற்காக நான் காத்திருந்தேன். அத்தனை வருஷப் பழக்கம். பிறகு அக்கா தொடங்குவாள் என்று காத்திருந்தேன்.

"ஏட்டி, என்ன பாக்க?" என்றாள் அக்கா. "இப்போ நீதான சின்னவ."

ஓரத்துச் சடைகளில் ஒன்று என் கையில் இருந்தது. சின்னவள் பாதியில் விட்டது. பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைத் தட்டினேன். எந்த வரியைச் சொல்வது என்று தெரியவில்லை. சின்னவள் சொன்னதைச் சொன்னால் பொய்யாகிவிடும், அத்தான் சொன்னதை மட்டும் சொல்லி நிறுத்த மனசு வரவில்லை.

"யேசப்பா, எல்லாரும் வரல" என்றேன். "நீங்களாவது உக்காருங்க."

அக்கா ஆமென் சொன்னாள்.