சிசரோ சலூனுக்கு வந்த சனிக்கிழமை

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிக்கச் சொன்னது அம்மா, அனுபவித்தது நான். பன்னிரண்டு வயதில், சிசரோ என்ற ரோமானிய அரசியல்வாதியின் வாழ்க்கையை வகுப்புக்கு முன்னால் நின்று சொல்லும் முறை எனக்கு வந்தது. வீட்டில் தம்பியின் கத்தல் தாங்காமல், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் அப்பா நடத்திய சலூனுக்குப் போய்ப் பாடமாக்கினேன். அங்கே வீட்டைவிட மோசம்.

"தமிழிலை சொல்லு பிள்ளை, எல்லாரும் கேக்கட்டும்" என்றார் அப்பா.

சனிக்கிழமை என்பதால் காத்திருப்பவர்களின் வாங்கில் உட்கார இடமில்லை. அப்பா முடி வெட்டிக்கொண்டிருந்தது கூசேன்வில் மாமாவுக்கு. சொந்த மாமா இல்லை, கூசேன்வில் என்ற புறநகரில் இருந்ததால் அந்தப் பெயர். நான் பிறக்க முதலே அகதியாக வந்து, விமான நிலையத்தில் பிறர் பெட்டிகளை ஏற்றி இறக்கியே காலத்தைக் கழித்தவர். அடுத்த கிழமை ஒரேயடியாக ஊருக்குத் திரும்பப்போகிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

சிசரோ என்ற பெயர் கடலையிலிருந்து வந்தது என்றேன். வாங்கு முழுவதும் சிரித்தது, ஓயவேயில்லை. பெரிய குடும்பத்தில் பிறக்காதவர், பேச்சுத் திறமையால் ரோமின் மிக உயர்ந்த பதவிக்கு வந்தார் என்றேன்.

"எங்கடை ஆக்களும் பேசித்தானே வந்தவங்கள்" என்றார் ஒருவர்.

ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்த சதிகாரர்களை விசாரணை இல்லாமல் கொல்வித்தார் என்றேன். அது சரியா பிழையா என்று இரண்டு பேர் சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தாளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ரோமைப் பற்றித்தான் சண்டை என்று நினைத்தேன்.

ஒருவழியாக ஓய்ந்தார்கள். அந்தக் கொலைகளைக் காட்டியே எதிரிகள் அவரை நாட்டைவிட்டுத் துரத்தினார்கள், வீட்டை இடித்தார்கள், அந்நிய ஊரில் இருந்து அழுதார் என்று வாசித்தேன்.

"திரும்ப விட்டவங்களோ?" என்று கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார் கூசேன்வில் மாமா.

"ஓம் மாமா. சனம் வழி நெடுக நிண்டு வரவேற்றது. வீட்டையும் திருப்பிக் கட்டினவர்."

"நல்லாயிருக்கு. அவ்வளவுந்தான், வீட்டை போ பிள்ளை" என்றார் அப்பா.

"இன்னும் முடியேல்லை அப்பா."

"போதும், காணும் எண்டு சொன்னனான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலைக்கு அத்தனை நேரம் சிரிக்க விட்டவர், ஆசிரியை கட்டாயம் கேட்கப்போகும் முடிவை மட்டும் சொல்ல விடவில்லை.

"பிறகு அவரைக் கொலை செய்துபோட்டாங்கள்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். "தலையையும் எழுதின கையையும் வெட்டி, அவர் பேசின மேடையிலையே வைச்சவங்கள்."

அப்பாவின் கத்தரிக்கோல் நின்றது. வாங்கில் இருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

"திரும்பிப் போய் எவ்வளவு காலத்தாலை, பிள்ளை?" என்றார் கூசேன்வில் மாமா.

"பதினாலு வருசம்."

அவர் சிரித்தார். போர்த்தியிருந்த துணி குலுங்கி, முடி நிலத்தில் கொட்டுண்டது.

"பதினாலு வருசமோ. அது எனக்குக் காணும்."

ஒரு மனிதரை வெட்டியதைச் சொல்கிறேன், இவர் சிரிக்கிறார். அப்பா தூரிகையை எடுத்து அவருடைய பிடரியைத் தட்டத் தொடங்கினார். முடியே இல்லாத இடத்தையும் மெதுவாக, திரும்பத் திரும்பத் தட்டினார். எனக்கு வாசிக்க இன்னும் ஒரு பந்தி மிச்சம் இருந்தது. அதைக் கேட்காமல் இருப்பதற்காகவே நேரத்தைக் கடத்துகிறார் என்று நினைத்து, தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.